சருவிலகனை எப்படி நடிப்பது?

வெள்ளவத்தை வாசி:
எங்கள் குழு சூத்திரகரின் வடமொழி நாடகம் மிருச்சகடிகத்தைச் சுருக்கி மேடையேற்றப் போகிறது. அதன் தமிழ் மொழிபெயர்ப்பான 'மண்ணியல் சிறுதேரை'ப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரதி எழுதினோம். (பண்டிதமணி மொழிபெயர்ப்பு என்றால் இங்கே எல்லாரும் சி. கணபதிப்பிள்ளையை நினைக்கிறார்கள். இதைச் செய்த பண்டிதமணி மகிபாலன்பட்டிக் கதிரேசச் செட்டியார்.) எனக்குக் கிடைத்த பாத்திரம் சருவிலகன். பத்து அங்கத்தில் மூன்று அங்கங்களில் மட்டும் வருகிற கள்ளன்.

நெறியாளர் "பகிடிக் கள்ளனாச் செய்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கதாநாயகனான ஏழைப் பிராமணன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்க வந்தவன், ஓட்டையைத் தாமரை வடிவில் போடுவதா, பிறை வடிவிலா என்று ஆராய்ந்து, கடைசியில் நிறைகுடம்தான் பொருத்தம் என்று முடிவெடுக்கிறான். அளவுநூலை மறந்து வந்ததால் பூணூலைக் கழற்றி அளக்கிறான். உள்ளே சாருதத்தனின் தோழன் மைத்திரேயன் நித்திரையில் புலம்பியபடி நகைப்பெட்டியைத் தானே நீட்டுகிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆனால் அந்த நகை, சாருதத்தனைக் காதலிக்கும் கணிகை வசந்தசேனை நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். களவு போய்விட்டது என்று ஏழை சொன்னால் எவன் நம்புவான்? அந்த அவமானத்துக்கு அஞ்சி சாருதத்தனின் மனைவி தன் இரத்தினமாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள். இவ்வளவையும் செய்தவனுக்குக் கடைசிவரை தண்டனையே இல்லை. இவனை எப்படிச் சிரிப்பாக மட்டும் செய்வது?

கொட்டாஞ்சேனைக் கிழவன்:
தம்பி, நாலாம் அங்கத்தை வடிவாகப் படியும். பெண்கள் அணிந்திருக்கும் நகையைத் தொடமாட்டேன், பிராமணன் சொத்தை எடுக்கமாட்டேன் என்று தன் காதலி மதனிகையிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். முதல்நாள் இரவு கன்னம் வைத்ததே பிராமணன் வீட்டில்! அந்த இடத்தில் ஒரு துளி வெட்கமும் காட்டாதேயும். அவன் உண்மையாகவே தன்னை நல்லவன் என்று நம்புகிறான். பகிடி அங்கேதான் இருக்கிறது. பூணூலை வைத்துக் கோமாளிக் கூத்தாடினால் அது போய்விடும்.

தெகிவளை மேகலா:
எல்லாரும் அவனையே பார்க்கிறீர்கள். மதனிகையைப் பாருங்கள். வசந்தசேனையிடம் அடிமையாக இருக்கும் அவளை மீட்கத்தான் திருடினான், சரி. நகையை அடையாளம் கண்டதும் அவள் முதலில் பதறுவது, அந்த வீட்டில் யாரையாவது காயப்படுத்திவிட்டானோ என்று. சாருதத்தன் அனுப்பிய ஆள்போலப் போய் வசந்தசேனையிடமே கொடுத்துவிடு என்று வழி சொல்வதும் அவள்தான். வசந்தசேனை எல்லாவற்றையும் மறைவில் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல மதனிகையை அவனுக்கே கொடுத்து அனுப்புகிறாள். ஐயா என்ன செய்கிறார்? அரசனாவான் என்று சொல்லப்பட்ட தன் தோழன் ஆரியகன் சிறைப்பட்டான் என்று காதில் விழுந்ததும், புதுப் பெண்டாட்டியை வேறொரு நண்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புரட்சிக்குப் போய்விடுகிறார். எனக்கு அவன்மேல் கோபம் களவுக்காக இல்லை, இதற்காகத்தான். உங்கள் பிரதியில் மதனிகைக்கு எத்தனை வசனம் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?

வெள்ளவத்தை வாசி:
மேகலா அக்கா, நாலே வசனம். நேற்று நெறியாளரோடு சண்டை பிடித்து, அவள் பதறும் இடத்தைத் திரும்பச் சேர்த்தாயிற்று.

ஐயா சொன்னபடி நெஞ்சை நிமிர்த்திச் செய்து பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்தார்கள், அதுவே போதும். பத்தாம் அங்கம்தான் இன்னும் இடிக்கிறது. பாலகன் என்ற அரசனைக் கொன்ற கையோடு, பொய்க் கொலைப்பழியில் சாருதத்தன் நிற்கிற கொலைக்களத்துக்கு வந்து, "உன் வீட்டைத் துளைத்தவன் நான்தான்" என்று சாருதத்தனிடம் சரணடைகிறான். அவனோ நண்பனே என்று கட்டிப்பிடிக்கிறான்! சாருதத்தனாக நடிக்கிற பெடியன் "எனக்கென்றால் கை வராது" என்கிறான்.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:
அவனுக்குச் சொல்லும்: மூன்றாம் அங்கத்தில் அந்தக் கன்னத்தைப் பார்த்து முதலில் 'என்ன அழகு' என்று வியந்தவனும், கள்ளன் வெறுங்கையோடு போகவில்லை என்று சந்தோஷப்பட்டவனும் இதே சாருதத்தன்தான். அதை வெட்டிவிட்டீர்களோ?

வெள்ளவத்தை வாசி:
வெட்டிவிட்டோம். பிரதியை எடுக்கிறேன்.