தெர்மோஸ்டாட்: வெப்பநிலைநிறுத்தியா, சூட்டுமதகா?

நண்பர்களுக்கு வணக்கம். தெர்மோஸ்டாட்டுக்குப் புதிய தமிழ்ச்சொல் ஒன்று சொல்லலாம் என்றால், இப்படி ஒரு கேள்வி எழுகிறது:

> 'வெப்பநிலைநிறுத்தி' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இஸ்திரிப் பெட்டிக்கு அந்தச் சொல் சரி. சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. கார் எஞ்சினில் இருப்பதோ சூடு ஏறினால் திறந்து, வெந்நீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு அனுப்புகிற சாதனம்!

என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். போன மாதம் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ரேடியேட்டர் அடைப்பு என்றார் மெக்கானிக். கழுவியும் பார்த்தாயிற்று, பலனில்லை. எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸைத் தொட்டால் வெதுவெதுப்புதான். வெந்நீர் ரேடியேட்டருக்கே வந்து சேரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பால் காய்ச்சும் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டேன். (அந்தப் பாத்திரம் இனி எனக்கே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.) தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது அசையவில்லை. புதியதன் விளிம்பில் 82 (டிகிரி செல்சியஸ்) என்று பொறித்திருந்தது. வெப்பமானி அந்த எண்ணைத் தொட்டதும் நடுவிலிருந்த தட்டு மெல்ல எழும்பியது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தள்ளுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், தூக்கிப் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

தட்டு எழும்பியதைப் பார்த்தபோது எனக்கு ஏரி மதகுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே என் பரிந்துரை: சூட்டுமதகு.

முதலில் 'வெம்மதகு' என்றுதான் எழுதினேன். ஆனால் வெந்நீர் என்றால் சூடான நீர்; அந்தக் கணக்கில் வெம்மதகு என்றால் சூடான மதகு என்றாகிவிடும். வால்வுக்குச் சிலர் சொல்லும் 'ஓரதர்' இதற்கு ஒட்டாது. அது ஒருவழிப் பாதை. இங்கே திசை பிரச்சினையே இல்லை, திறப்பதும் மூடுவதும்தான் வேலை.

சூட்டுமதகு என்றால் வினைச்சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. 'மதகு திறக்கவில்லை' என்றால் எஞ்சின் கொதிக்கும். 'மதகு திறந்தே கிடக்கிறது' என்றால் முள் ஏறவே ஏறாது. பட்டறைப் பையனுக்கும் புரியும். 'வெப்பநிலைநிறுத்தி திறந்த நிலையில் சிக்கியுள்ளது' என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள்!

அப்புறம், ரேடியேட்டர் கழுத்திலிருந்து இறங்குகிற ஓவர்ஃப்ளோ குழாய். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் மூடியின் சுருள்வில் விட்டுக்கொடுக்க, தண்ணீர் அது வழியாக வெளியேறும். ஏரியில் மிகுநீர் போகும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். 'கலிங்குக் குழாய்' எனலாமா? மூடிக்கு 'அழுத்தமூடி' போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.