கையால் தொடங்கினால் ஓடும் சர்வீஸ், பூட் ஆகும்போது மட்டும் விழுகிறது (டெபியன் 12 லினக்ஸ், சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி)

கேள்வி
சென்சார் அளவுகளை வாங்கிச் சேமிக்கும் பைத்தான் நிரல் ஒன்று, 192.168.1.20 முகவரியில் 8000 போர்ட்டில் ஓடவேண்டும். 'சென்சார்.சர்வீஸ்' என்ற யூனிட் கோப்பை எழுதி, பூட்டில் தானே தொடங்கும்படி எனேபிள் செய்தாயிற்று. ரீபூட் செய்தால் 'ஃபெயில்ட்'. உடனே கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஓடிவிடுகிறது. 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்', 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' இரண்டும் யூனிட் கோப்பில் இருக்கின்றன. எங்கே தவறு?

பதில் 1
'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' பதிவின் கடைசிச் சில வரிகளைத்தான் காட்டும், காரணம் அதற்கு மேலே இருக்கும். ரீபூட் செய்து, எதையும் தொடாமல் 'சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -யு சென்சார்' கொடுங்கள். முதல் தோல்வியில் என்ன பிழை?

கேட்டவர்
'ஓஎஸ்எரர், எர்நோ 99: கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'. இரண்டு வினாடிக்குள் இதுவே ஐந்து முறை. பிறகு 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி'.

பதில் 1
அப்படியானால் நிரலில் குறையில்லை. போர்ட்டை வேறு நிரல் பிடித்திருந்தால் 98 வந்திருக்கும். 99 என்றால் அந்த நொடியில் அந்த ஐபி இயந்திரத்துக்கு இன்னும் வரவில்லை.

டார்கெட் என்பது பூட்டில் எட்டவேண்டிய ஒரு நிலை. நெட்வொர்க்.டார்கெட் என்பது நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்பதை மட்டுமே சொல்லும், முகவரி கிடைத்ததா என்று பார்க்காது. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் சென்சார்' கொடுத்து, யூனிட் பகுதியில் இரண்டு வரி சேருங்கள்:

வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

இரண்டும் வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும். அந்த டார்கெட்டை பூட்டுக்குள் இழுத்து வருவது வான்ட்ஸ். பலரும் ஆஃப்டரை மட்டும் மாற்றிவிட்டு, பலனில்லை என்று திரும்பி வருகிறார்கள்.

பதில் 2
ஐந்து முறையோடு நின்றதற்கும் காரணம் உண்டு. ரீஸ்டார்ட்செக் எழுதாவிட்டால் மறுமுயற்சிக்கு முன் காத்திருப்பது வெறும் 100 மில்லிவினாடி. 10 வினாடிக்குள் 5 தடவைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஐபி வருவதற்குள் ஐந்தும் தீர்ந்துவிட்டன. சர்வீஸ் பகுதியில் 'ரீஸ்டார்ட்செக்=5' வைத்தால் அந்த வரம்பை எட்டவே எட்டாது.

நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்கும் சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்வொர்க்கை நிர்வகிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்றால் 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்', நெட்வொர்க்டி என்றால் 'சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்'. அது அணைந்திருந்தால் ஆன்லைன் டார்கெட் எதற்கும் காத்திராமல் கடந்துபோகும்.

கேட்டவர்
நெட்வொர்க்மேனேஜர்தான், வெயிட்-ஆன்லைன் டிசேபிளில் கிடந்தது. எனேபிள் செய்து, மூன்று வரிகளையும் சேர்த்தபின் நான்கு ரீபூட்டிலும் தானாக ஓடுகிறது. ஐபிக்குப் பதில் 0.0.0.0 (எல்லா முகவரியும்) என்று கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காதோ?

பதில் 2
99 வராது, உண்மைதான். ஆனால் வைஃபை, விபிஎன் என்று எல்லா இடைமுகத்திலும் 8000 திறந்துவிடும். ஃபயர்வாலில் அடைக்காமல் அதைச் செய்யவேண்டாம்.

நெட்வொர்க்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கேபிள் செருகாத ஈதர்நெட் அதன் நிர்வாகத்தில் இருந்தால் பூட் 2 நிமிடம் அப்படியே நிற்கலாம். அந்த இடைமுகத்தின் .நெட்வொர்க் கோப்பில், லிங்க் பகுதியில், 'ரெக்வயர்ட்ஃபார்ஆன்லைன்=நோ' போட்டால் சரியாகும்.