புதுப்பிப்பு: ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. உயர ஐ-வடிவ எஃகு பீம்) கேன்டிலீவர் அளவுக்கு மீறி முறுக்கிய விஷயம்

உதவிய எல்லோருக்கும் நன்றி. கம்ப்யூட்டர் மாடலில் 2 மீட்டர் கேன்டிலீவரின் (ஒரு முனை மட்டும் சுவரில் பிடித்த பீம்) நுனியில் 1 கிலோநியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) கொடுத்தால் 6.9 டிகிரி முறுக்கிக்கொள்கிறதே, இது சரியா என்று கேட்டிருந்தேன். சப்போர்ட்டை ஃபிக்ஸ்டு என்று கொடுத்தாலும் மாடலின் சாதாரண பீம் எலிமென்ட் வார்ப்பிங்கை (முறுக்கும்போது வெட்டுமுகம் தட்டையாக இல்லாமல் நெளிவது) கணக்கிலேயே எடுக்காது, வழக்கமான ஆறு அசைவுகளோடு வார்ப்பிங்குக்கென ஏழாவது டிகிரி ஆஃப் ஃபிரீடம் உள்ள எலிமென்டுக்கு மாறுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. மாற்றி, சுவர்ப் பக்க முனையில் வார்ப்பிங்கையும் பூட்டியதும் 3.4 டிகிரிக்கு இறங்கியது, கையால் போட்ட கணக்கும் அதையே தந்தது.

எதிர்பாராதது என்னவென்றால், கோணம் பாதியானாலும் பிடிமான முனையில் ஃபிளேஞ்ச் (ஐ-வடிவத்தின் மேல், கீழ் தகடுகள்) ஓரத்தில் சுமார் 110 மெகாபாஸ்கல் தகைவு புதிதாக வந்து நிற்கிறது. மேல் ஃபிளேஞ்ச் ஒரு பக்கமும் கீழ் ஃபிளேஞ்ச் மறுபக்கமும் வளைவதால் வருவது இது, பழைய மாடலில் தெரியவே இல்லை. அப்புறம், பீம் முனையில் மெல்லிய எண்ட் பிளேட் (முனைத் தகடு) மட்டும் இருந்தால் வார்ப்பிங் முழுசாகத் தடைபடாது, அங்கே மாடலில் வார்ப்பிங்கைப் பூட்டிவிடாதீர்கள்.