கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்க வேண்டும்: பெட்டியில் உள்ள "2000 ஆம்பியர்" உண்மையா?

வார இறுதி ஓட்டுநர் (கேள்வி)

இரண்டு மாதங்களில் மூன்றாவது முறையாக என் கார் கிளம்ப மறுத்துவிட்டது. 1.5 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியர். ஆகவே நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. சாவியைத் திருப்பினால் விளக்குகள் மங்கி 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. மூன்று முறையும் பக்கத்து வீட்டுக்காரர்தான் தம் காரைக் கொண்டுவந்து கம்பி மாட்டிக் கிளப்பிக் கொடுத்தார். அவர் முகம் சுளிக்கவில்லை. நான்காவது முறை கதவைத் தட்ட எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

அதனால் சொந்தமாக ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் (இன்னொரு கார் இல்லாமலே வண்டியைக் கிளப்ப மின்சாரம் கொடுக்கும் கைக்கருவி) வாங்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. மூன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, சட்டைப்பையில் அடங்கும் அளவு. பெட்டியில் "2000 ஆம்பியர்" என்று போட்டிருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் கனமானது, தடித்த கம்பி. ஆனால் "1000 ஆம்பியர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், விலையோ முதலாவதைப் போல இரு மடங்கு. மூன்றாவதில் பேட்டரியே இல்லையாம், சூப்பர் கெப்பாசிட்டராம். எதை வாங்குவது? 2000 ஆம்பியர் பாய்ந்தால் காரின் கணினி எரிந்துவிடாதா?

பட்டறைக்காரர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எரியாது. ஆம்பியரை யாரும் வண்டிக்குள் தள்ளுவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கெடுதல் வருவது வோல்ட் மாறினால்: 24 வோல்ட் லாரிக்கான கருவியை 12 வோல்ட் காரில் மாட்டுவது, சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போடுவது.

இப்போது அந்த 2000. ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 2000 ஆம்பியர் என்றால் 24 கிலோவாட். பன்னிரண்டு மின் அடுப்புகளை ஒன்றாக எரிக்கும் திறன், சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியிலிருந்து, விரல் தடிமன்கூட இல்லாத கம்பி வழியாக! அது 'உச்ச' மின்னோட்டம். கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காத எண். அதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு முறையும் கிடையாது. விற்பவர் வாயில் வந்ததுதான் கணக்கு.

உங்கள் எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? சிறிய பெட்ரோல் காருக்கு 100 முதல் 200 ஆம்பியர் வரை. டீசலில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் சுழற்ற முறுக்கு விசை கூடுதலாக வேண்டும். உங்களுடையதற்கு 300 ஆம்பியரைச் சில விநாடிகள் தளராமல் கொடுத்தால் போதும். குளிர்ந்த காலையில் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆகவே 'உச்ச' எண்ணை விட்டுவிட்டு 'தொடக்க மின்னோட்டம்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் முதல் 3 விநாடிகளில் எத்தனை ஜூல் ஆற்றல் தருகிறது என்று போடுகிறார்கள். அப்படிப் போடுபவரை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். இரண்டுமே இல்லையென்றால் கம்பியின் தடிமனையும் கவ்வியின் பிடியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். தாமிரம் பொய் சொல்லாது.

நெடுஞ்சாலைப் பயணி

பட்டறைக்காரர் ஐயா சொன்னதோடு இன்னொரு எண் ஏமாற்று. "20,000 மில்லி ஆம்பியர் மணி" என்பது உள்ளே இருக்கும் ஒற்றைச் செல்லின் 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. பெருக்கினால் 74 வாட் மணி. ஆனால் வண்டியைக் கிளப்ப அதில் எவ்வளவு செலவாகும் தெரியுமா? 300 ஆம்பியர், 10 வோல்ட், 3 விநாடி: மொத்தம் இரண்டரை வாட் மணி. எனவே பெரிய கொள்ளளவு கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற நல்லது, எஞ்சினுக்கு அல்ல. வேகமாகக் கொடுக்கத் தெரிந்த செல்தான் வேண்டும், நிறைய வைத்திருக்கும் செல் அல்ல. 

விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் 100 வாட் மணிக்குள் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் கூடாது. ஜம்ப் ஸ்டார்ட்டர் என்றாலே மறுக்கும் விமான நிறுவனங்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் பிரியன்

எல்லோரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நோய் என்ன என்று யாராவது கேட்டீர்களா? இரண்டு மாதங்களில் மூன்று முறை என்றால் அது தற்செயல் அல்ல. பேட்டரிக்கு என்ன வயது? ஓர் இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே என்றால் பட்டினி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நலம்.

வார இறுதி ஓட்டுநர்

பேட்டரிக்கு நான்கு வயது, 60 ஆம்பியர் மணி. எஞ்சின் ஓடும்போது 14.2. சனிக்கிழமை இரவு ஓட்டிவிட்டு நிறுத்தினேன். ஞாயிறு காலை 12.4, செவ்வாய் காலை 12.1. வாரநாள்களில் காரைத் தொடுவதே இல்லை.

மல்டிமீட்டர் பிரியன்

நிறுத்தியிருக்கும்போது ஏதோ ஒன்று குடிக்கிறது. நெகட்டிவ் கம்பியைக் கழற்றி நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். கதவுப் பூட்டை ஸ்குரூடிரைவரால் மூடியதுபோல் ஏமாற்றிவிட்டு அரைமணி நேரம் விலகியிருங்கள். கார்க் கணினிகள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். (நான் மறந்தவன். இருமுறை.)

வார இறுதி ஓட்டுநர்

280 மில்லி ஆம்பியர்! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் டேஷ்கேமின் (சாலையைப் படம் பிடிக்கும் கார்க் கேமரா) இணைப்பு சிக்கியது. வண்டி நின்றாலும் படம் பிடிக்கும்படி நானே சொல்லிக் கேட்டு மாட்டவைத்தது. வெட்கம்.

மல்டிமீட்டர் பிரியன்

அதில் ஏறத்தாழ 250 அந்தக் கேமரா என்று வைத்தால் நாளுக்கு 6 ஆம்பியர் மணி. ஐந்து நாளில் 30, அதாவது புதிய பேட்டரியிலேயே பாதி. நான்கு வயதான பேட்டரியில் 60 என்பது பெயரளவுக்குத்தான் இருக்கும். கேமராவின் இணைப்பை மாற்றுங்கள், பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். வார இறுதியில் கால்மணி நேரம் ஓட்டினால் இழந்தது திரும்பாது, மணிக்கணக்கில் வேண்டும்.

பட்டறைக்காரர்

இருந்தாலும் ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்குவது வீண் அல்ல. தள்ள முடியாத வண்டி வைத்திருப்பவருக்கு அது வேண்டும். உங்கள் மூன்றில் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் கவ்விகளின் நடுவே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைக் கவனியுங்கள். தலைகீழாக மாட்டினால் மின்சாரத்தைத் தடுப்பது அதுதான். ஒரு சிக்கலும் உண்டு: பேட்டரி அடியோடு செத்து இரண்டு மூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால், மாட்டியிருப்பதையே அது உணராது, விளக்கும் எரியாது. அதற்காகத் தனி விசை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விசையை அழுத்தினால் பாதுகாப்புகள் விலகிவிடும். அழுத்துமுன் சிவப்பு எது, கறுப்பு எது என்று இரண்டு முறை பாருங்கள்.

சிவப்பு பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சினின் வெற்று உலோகத்தில். பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். பொறி அங்கே விழக் கூடாது. ஒரு முயற்சி ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், அடுத்ததற்கு முன் அரை நிமிடம் பொறுங்கள். வீங்கிய பேட்டரியாக இருந்தால் எதையும் மாட்டாதீர்கள்.

நெடுஞ்சாலைப் பயணி

இங்கே ஐயாவோடு ஒத்துப்போக மாட்டேன். எனக்கு மூன்றாவது, அந்தச் சூப்பர் கெப்பாசிட்டர்தான் பிடிக்கும். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியை நெருங்கும். லித்தியம் பெட்டியை அதில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தேவைப்படும் நாளில் அது வீங்கிக் கிடக்கும். கெப்பாசிட்டரைச் சார்ஜ் ஏற்றி வைக்கவே வேண்டாம். கிளம்பாத பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தையே சில நிமிடங்களில் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே வீச்சில் திருப்பிக் கொடுக்கும்.

பட்டறைக்காரர்

மிச்சம் இருந்தால்தானே உறிஞ்சும்? இரவெல்லாம் முகப்பு விளக்கு எரிந்து செத்த பேட்டரியில் என்ன கிடைக்கும்? முதல் முயற்சியில் எஞ்சின் பிடிக்காவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். டீசலுக்கு எனக்கு அந்தத் துணிவு இல்லை. வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றட்டும், பயணத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும், கனம்தான் கூடுதல்.

நெடுஞ்சாலைப் பயணி

வீட்டுக்குள் வைத்த பெட்டி வழியில் நின்றவருக்கு எப்படி உதவும் என்று நான் கேட்கவில்லை.

வார இறுதி ஓட்டுநர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேமராவைச் சாவி போட்டால் மட்டும் இயங்கும்படி மாற்றிவிட்டேன். இப்போது 30 மில்லி ஆம்பியர். பேட்டரி சோதனையில் தேறவில்லை, புதிது போட்டாகிவிட்டது. கனமான இரண்டாவது கருவியை வாங்கினேன். காருக்குள் வைக்காமல் வாசலில் செருப்பு அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்.

நேற்று முதல் முறையாக அதற்கு வேலை வந்தது. கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் காரில் மாட்டினேன்; 'டிக்' என்றுகூட இல்லை. பதறிப்போய்ப் பார்த்தால் பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, நட்டை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். என் கருவியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதே அவர் வண்டி கிளம்பிவிட்டது.