இளம் பரோலோ: துவர்ப்பை அடக்க வேண்டியது உணவா, காலமா?

மூடுபனி:
இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் செய்யப்படும் பரோலோ என்ற சிவப்பு ஒயினின் 2019ஆம் ஆண்டுப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்ததும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டதாகவும், கொடுத்த பணம் வீணானதாகவும் 'அரைப்புட்டி' என்ற நண்பர் நேற்று இங்கே வருந்தியிருந்தார். குறை ஒயினில் இல்லை; அதை அவர் வேறெந்த உணவும் இல்லாமல் குடித்ததில்தான் இருக்கிறது. பரோலோ செய்யப்படும் நெபியோலோ திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், வாயை வழவழப்பாக வைத்திருக்கும் உமிழ்நீர்ப் புரதங்களைத் திரளச் செய்துவிடுவதால்தான், பச்சைப் பாக்கை மென்றது போன்ற அந்த வறட்சி உண்டாகிறது. புரதமும் கொழுப்பும் உப்பும் நிறைந்த உணவு உடனிருந்தால் அந்தக் கடுமை தணியும். பியெமோந்தே மக்கள் மாட்டிறைச்சியை வெங்காயம், கேரட், செலரியோடு பரோலோவிலேயே ஊறவைத்து, கரண்டி பட்டாலே பிரியும்வரை சிறுதீயில் வேகவைக்கும் பிரசாட்டோவை இதற்காகவே கண்டுபிடித்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிலவறை:
மூடுபனி அவர்கள் உணவை முறிமருந்தாக்கிவிட்டார். இறைச்சி துவர்ப்பை மறைக்குமே தவிர, ஒயினைப் பக்குவப்படுத்தாது. பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிரவைக்க வேண்டும் என்று இத்தாலியச் சட்டம் சொல்கிறது. கூடுதலாக முதிரவைத்து விற்கும் ரிசெர்வா வகை என்றால் 62 மாதங்கள். அது விற்பதற்கான தகுதிதான், குடிப்பதற்கான நாள் அன்று. பரோலோ விளையும் ஊர்களில் லா மொர்ராவின் ஒயின்கள் பொதுவாகச் சற்று முன்னதாக இளகும்; செர்ராலுங்காவினுடையவற்றுக்குப் பத்தாண்டுகள்கூடப் போதாமல் போகலாம். அவ்வாறு முதிர்ந்த ஒன்றை முட்டை மஞ்சள் கரு மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்த 'தாயரின்' என்ற பியெமோந்தே நூடுல்ஸோடு குடித்துப் பாருங்கள். வெண்ணெயில் புரட்டிய அந்த மெல்லிய இழைகளின்மேல் ஆல்பா நகரின் வெள்ளை டிரஃபிள் என்ற மணமிக்க நிலத்தடிக் காளானைச் சீவியதும் எழும் மணத்தை இளம் பரோலோ மிதித்துவிடும். முதிர்ந்ததோ அதனோடு கலந்துகொள்ளும்.

மூடுபனி:
டிரஃபிளைப் பற்றி மறுப்பில்லை. ஆனால் பத்தாண்டுகள் காத்திருக்கக் குளிர்ந்த நிலவறையும், வீடு மாறாத வாழ்க்கையும் வேண்டுமே! காத்திருக்க இயலாது என்ற குரல் பரோலோ விளையும் லாங்கே மலைகளிலேயே எழுந்ததுதான். அங்கே ஒயின் செய்யும் எலியோ அல்தாரே 1983இல் தம் தந்தையின் பழைய பெரும்பீப்பாய்களைச் சங்கிலி வாளால் அறுத்துவிட்டு, சிறிய பிரெஞ்சுப் பீப்பாய்களையும் குறுகிய நொதித்தலையும் கையாண்டது, விரைவில் குடிக்கத்தக்க பரோலோவுக்காகத்தான்.

நிலவறை:
அந்த எடுத்துக்காட்டு உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. புதிய ஓக் பீப்பாய் வெனிலா மணத்தோடு தன் டானினையும் சேர்த்தே தருகிறது. பழைய முறையை விடாத பரோலோ தயாரிப்பாளர் பர்தோலோ மஸ்கரெல்லோ தம் புட்டியின் சீட்டில் சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தம் கையால் எழுதி ஒட்டியது வெறும் குறும்பன்று.

ஆறாம்சுவை:
இருவருமே துவர்ப்பை எதிரியாகவே பேசுகிறீர்கள். அது நாவின் சுவையன்று, தொடு உணர்வு என்று அறிவியலார் சொல்வார்கள். நம் மொழியோ அதை அறுசுவைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் விரும்பி உண்பவர்கள் பரோலோவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: மிளகாய்க் காரத்தோடு வேண்டாம். 14 விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். துவர்ப்பும் கரடுமுரடாகத் தெரியும். காஸ்டெல்மாக்னோ போன்ற முதிர்ந்த பாலாடைக்கட்டி ஒரு துண்டு போதும்.

அரைப்புட்டி:
புலம்பியவன் நான்தான். மீதியைத் தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, இன்று மாலை ஒரு மணி நேரம் வெளியே எடுத்துவைத்த பிறகு, காரமில்லாமல் வேகவைத்த மாட்டுவாலோடு குடித்தேன். எலும்பை ஒட்டிய பிசுபிசுப்பான இறைச்சிக்குப் பின் ஒயின் பட்டுப்போல் இறங்கியது. அந்த வகையில் மூடுபனி சொன்னது சரி. ஆனால் நேற்று கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் வந்த ரோஜாவும் சாலைத் தாரும் கலந்த மணம் இன்று பாதிதான் இருந்தது. அதே ஆண்டின் இன்னொரு புட்டி என்னிடம் இருக்கிறது. அதை இப்போதைக்குத் திறப்பதாக இல்லை.