தலையில் அடிபட்ட பிறகும் நன்றாகக் கதைத்தவர் எப்படி இறந்தார்?

வெள்ளவத்தைப் பெடியன்:
எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு அண்ணா, போன வாரம் இரவு காலி வீதியில் சவோய் தியேட்டர் பக்கம் பைக்கில் வரும்போது ஒரு ஓட்டோ சடாரென்று திரும்பியதில் விழுந்துவிட்டார். ஹெல்மட் இருந்தது, ஆனால் பட்டி பூட்டாததால் விழும்போதே கழன்றுவிட்டதாம். எழும்பி ஓட்டோக்காரரோடு சண்டையும் பிடித்து, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து, தலையிடிக்குது என்று பனடோல் போட்டுப் படுத்தவர் விடிய எழும்பவில்லை. வெளியில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. எப்படி இது? பிரேத பரிசோதனைக்கு விட்டிருக்கக் கூடாது என்று அவருடைய அம்மா அழுதுகொண்டே இருக்கிறா. மறுத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, இதை நாங்கள் வார்டில் பார்த்திருக்கிறோம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது, அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடித்து அது கிழிந்தால் எலும்புக்கும் மூளையை மூடியுள்ள சவ்வுக்கும் நடுவில் இரத்தம் சேரத் தொடங்கும். முதல் அடியில் மயங்கியவர்கூடத் தெளிந்து சில மணி நேரம் நன்றாகக் கதைப்பார், அதற்குள் இரத்தம் சேர்ந்துகொண்டே போகும், மண்டையோடு விரியாது, மூளை கீழ்நோக்கி நசிந்து கடைசியில் மூச்சை நடத்தும் பகுதி நின்றுவிடும். 2009 இல் நடாஷா ரிச்சர்ட்சன் என்ற நடிகை பனிச்சறுக்கில் விழுந்து, ஒன்றுமில்லை என்று முதலில் அம்புலன்ஸையே திருப்பி அனுப்பி, பிறகு இறந்ததும் இப்படித்தான். நேரத்துக்கு சிடி ஸ்கேன் எடுத்து மண்டையைத் திறந்து இரத்தத்தை எடுத்தால் பிழைக்கக்கூடிய காயம் இது, அதுதான் வயிற்றெரிச்சல்.

கொட்டாஞ்சேனை ரைடர்:
தலையில் அடிபட்டவரை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று எங்கள் அப்பம்மா சொல்லுவா. அதை யாராவது செய்திருந்தால் தப்பியிருப்பாரோ?

ஓய்வுபெற்ற தாதி:
நித்திரை ஆளைக் கொல்லாது, ஆனால் ஆள் மோசமாகிறதை மறைத்துவிடும். தலையிடி கூடுது, திரும்பத் திரும்பச் சத்தி, கதை குழறுது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாயிருக்கு, காதாலோ மூக்காலோ தண்ணி மாதிரி வடியுது, இதில் ஒன்று இருந்தாலும் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தானே. இன்னொன்று, குடித்திருந்த ஆள் என்றால் "வெறி, படுக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள், அது மகா பிழை. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கும் வயதானவர்களுக்குச் சின்ன அடியே போதும். அவர்களுக்கு வேறு விதமான கசிவு கிழமைக் கணக்கில் ஊறி, வீட்டார் மறதி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனை ரைடர்:
சரி, ஹெல்மட் பற்றி நானும் சொல்கிறேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் கணக்கில் ஹெல்மட் சாவை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது. பட்டி பூட்டாவிட்டால் அது பொலிஸுக்குக் காட்டும் தொப்பி. உள்ளே இருக்கிற ரெஜிபோம் நசிந்துதான் அடியை வாங்குகிறது, ஒருக்கால் பலமாக அடிபட்டதை வெளியில் கீறல் இல்லை என்று திரும்பப் போடாதீர்கள், யாரோ போட்டுக்கொண்டு விழுந்த ஹெல்மட்டைப் பாவிச்ச விலையில் வாங்கவும் வேண்டாம்.

புதுக்கடை வக்கீல்:
பிரேத பரிசோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். விபத்து மரணம் என்றால் திடீர் மரண விசாரணை நடக்கும், சட்ட வைத்திய அதிகாரி உடலைப் பார்ப்பார், அது வீட்டாரின் விருப்பத்தில் இல்லை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: வெளிக்காயமே இல்லாமல் வீட்டுக் கட்டிலில் இறந்தவர் இவர், அறிக்கை இல்லாவிட்டால் நாளைக்கு மற்றத் தரப்பு மாரடைப்பு என்று சொல்லி நழுவிவிடும். ஓட்டோவுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம், நட்டஈடு கேட்கும்போது விபத்தையும் சாவையும் தொடர்புபடுத்திக் காட்டப்போவது அந்த அறிக்கைதான்.

வெள்ளவத்தைப் பெடியன்:
அன்று இரவு யாரும் பொலிஸில் முறைப்பாடு போடவில்லை. ஓட்டோ நம்பர் மட்டும் அவருடைய போனில் படமாக இருக்கு.

புதுக்கடை வக்கீல்:
படத்தை அழிக்காமல் போனோடு பொலிஸுக்குப் போங்கள், இன்றைக்கே. காலி வீதிக் கடைகளின் சிசிடிவி பழைய பதிவுக்கு மேலே புதியது எழுதிவிடும்.