சொல் வேணும்: பாம்புக் கூண்டுக்கு ‘வெப்பச்சரிவு’ ஒத்து வரல, ‘வாட்டச்சூடு’ன்னு வைக்கலாமா?

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

தெர்மல் கிரேடியன்ட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு போன வாரம் கேட்டிருந்தேன், வந்த பதில் எல்லாத்தையும் படிச்சேன், தனித்தனியா எழுதாம ஒரே மடலா இங்க எழுதறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்கு விஷயம் இதுதான். நான் இங்கிலாந்துல இருக்கேன், வீட்ல ஒரு பால் பைத்தான் வளர்க்கிறேன். இங்க ராயல் பைத்தான்னு சொல்லுவாங்க, கானா, டோகோ, பெனின் அந்தப் பக்கத்துப் பாம்பு, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும். மரப்பெட்டில வச்சிருக்கேன், மேல ஒரு கோடில செராமிக் ஹீட்டர், அதைச் சுத்தி கம்பிவலை. பாம்பு நம்மள மாதிரி உடம்புக்குள்ளயே சூடு உண்டாக்கி வச்சிக்காது, சூடு வேணும்னா சூடான பக்கம் போகும், போதும்னா தள்ளி வந்து படுத்துக்கும். அதனால பெட்டி முழுக்க ஒரே சூடா இருக்கக் கூடாது, ஒரு கோடில 31, 32 டிகிரி, மறு கோடில 25, 26, நடுவுல கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வரணும். அந்த எறக்கத்துக்குத்தான் பேர் தேடறோம்.

> பாடப்புத்தகத்துலயே வெப்பநிலைச் சரிவுன்னு இருக்கே, எதுக்குப் புதுச் சொல்?

அண்ணா, நானும் அப்படித்தான் நெனச்சு வெப்பச்சரிவுன்னே எழுதிட்டிருந்தேன். போன ஜனவரில ஊர்ல இருந்து அப்பா வந்திருந்தார், நாங்க நாலு நாள் வெளிய போக வேண்டி இருந்துச்சு, பாம்பை அவர் பொறுப்புல விட்டுட்டு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி வச்சிட்டுப் போனேன், “பெட்டிக்குள்ள வெப்பச்சரிவு எப்பவும் இருக்கணும்”னு. அவர் படிச்சது வேற. சரிவுன்னா விலை சரிவு, சந்தை சரிவு, நீர்மட்டம் சரிவு, பேப்பர்ல தெனம் பாக்கறோமே, முன்னாடி அதிகமா இருந்தது இப்ப கொறஞ்சிருச்சுன்னு அர்த்தம். சூடு கொறையணும் போலன்னு ராத்திரி ஆனதும் ஹீட்டர் சுவிட்சை அணைச்சிட்டு காலைல எழுந்து போட்டிருக்கார், நாலு ராத்திரியும். இங்க ஜனவரில ராத்திரி வீட்டு ஹீட்டிங்கும் நின்னுரும்.

திரும்பி வந்து தெர்மாமீட்டர்ல குறைஞ்சபட்சம் பட்டனை அமுக்கினா 17.4னு காட்டுது. பெட்டி ஓரத்துல பாதி செரிச்ச எலி, நாங்க கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி குடுத்தது. சூடு இல்லாட்டி அதுக்கு செரிக்காது, கக்கிரும். டாக்டர் ரெண்டு வாரம் எதுவும் குடுக்காதீங்க, அப்புறம் சின்ன எலியா ஆரம்பிங்கன்னார். நல்லவேளை சளி பிடிக்கல, பிடிச்சிருந்தா மூச்சுல விசில் மாதிரி சத்தம் வரும், வாயோரம் நுரை கட்டும், அதுல போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல, எழுதினதை எழுதினபடி செஞ்சார், சொல்தான் தப்பு. சரிவு நேரத்தைப் பத்திப் பேசுது, நமக்கு வேண்டியது இடத்தைப் பத்திப் பேசற சொல்.

அப்பா மேலூர் பக்கம் நாப்பது வருசம் கொத்தனார் வேலை பாத்தவர். பெட்டி முன்னாடி உக்கார வச்சு இன்ஃப்ராரெட் கன்னை, தொடாமலே தூரத்துல இருந்து சூடு அளக்கற கருவி, அவர் கைல குடுத்து, தரைல ஒரு கோடில இருந்து மறு கோடி வரைக்கும் ஒரு சாண் ஒரு சாணா அடிச்சுப் பாக்கச் சொன்னேன். 32, 30, 28, 27, 25. பாத்துட்டு, “இது வாட்டம்டா, வாட்டம்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே”ன்னார். பாத்ரூம் தளம் போடறப்ப தண்ணி ஓடறதுக்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் விடுவாங்கள்ல, அது. யாரோ வேணும்னே குடுக்கறது, ஒரு பக்கம் ஒசந்து ஒரு பக்கம் தாழ்ந்து எப்பவும் அப்படியே நிக்கறது, ரசமட்டம் வச்சுப் பாத்துப் பாத்து சரி பண்றது. நாம பெட்டிக்குள்ள பண்றதும் அச்சு அசல் அதேதான்.

> ஈழத்தில் படித்திறன் என்று தானே படித்தோம், வெப்பநிலைப் படித்திறன் எண்டு வைக்கலாமே

அக்கா, படித்திறன் நல்ல சொல், கணக்குல எனக்கு சாய்வை விட அது பிடிக்கும். ஆனா படித்திறன்னா ஒரு எண், இத்தனை தூரத்துக்கு இத்தனை டிகிரின்னு. பாம்பு வளர்க்கறவர் அந்த எண்ணைக் கேக்கல, ரெண்டு கோடியும் சரியா இருக்கா, நடுவுல போக வர இடம் இருக்கான்னுதான் கேக்கறார். பௌதிகப் பாடத்துக்கு அது இருக்கட்டும், இது வீட்டுல புழங்கற சொல்.

> வெப்பவாட்டம்னா வெயில் வாட்டுற மாதிரி கேக்குது, முகவாட்டம் வேற ஞாபகம் வருது

இதை ரெண்டு பேர் சொல்லிருந்தீங்க, ரொம்ப சரி, ஒத்துக்கறேன். வெப்பவாட்டம்னு எழுதினா வெயில்ல வாடறதுன்னுதான் எடுத்துக்குவாங்க, சரிவை விட மோசமாப் போயிரும். அதான் திருப்பிப் போட்டுப் பாத்தேன், வாட்டச்சூடு. முக்கியமான சொல் சூடு, வாட்டம் அது எப்படிப்பட்ட சூடுன்னு சொல்லுது. எதிர்ப்பதமும் சுலபமா கெடைக்குது, சமச்சூடு. வாட்டச்சூடுன்னா வாட்டற சூடுன்னு எடுத்துக்கறவங்க இன்னமும் இருப்பாங்க, அதனால மொத தடவை எழுதறப்ப மட்டும் “வாட்டம் விட்ட சூடு”ன்னு விரிச்சு எழுதிட்டா அப்புறம் கொழப்பம் வராதுன்னு நெனக்கறேன்.

இதோட ஒட்டி இன்னொரு சொல்லும் வேணும், எனக்கு வாட்டச்சூட்டை விட இது அவசரம். சூட்டைப் பாத்து ஹீட்டரைக் கூட்டிக் கொறைக்கற தெர்மோஸ்டாட்ல இருந்து ஒரு வயர் போய் நுனில சின்னக் குமிழ் மாதிரி இருக்குமே, ப்ரோப், அதை எல்லாரும் வயர்னே சொல்றோம், அதனால அது எங்க இருக்குன்னு யாரும் பாக்கறதே இல்ல. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியறது அந்த நுனி இருக்கற எடத்துச் சூடு மட்டும்தான், பாம்பு படுத்திருக்கற எடம் அதுக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் பாம்பு தண்ணித் தொட்டிக்குள்ள சுருண்டு கெடந்துச்சு, தோல் உரிக்கற நேரமும் இல்ல. சந்தேகப்பட்டு கன் எடுத்து அடிச்சா சூடான கோடில 41 டிகிரி. பாம்பு ஊர்ந்தப்ப வயரைத் தள்ளி நுனி குளுந்த பக்கம் போயிருச்சு, அங்க 27, 28தான் இருக்கு, 31 வரட்டும்னு ஹீட்டர் முழு வேகத்துல ஓடிட்டே இருந்திருக்கு. மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல. அதனால உணர்முனைன்னு ஒரு பேர் குடுத்துரலாம்னு சொல்றேன், பேர் இருந்தாத்தான் “உணர்முனை எங்க இருக்கு”ன்னு கேக்க முடியும். இப்ப அதைப் பாம்பு படுக்கற உயரத்துல கிளிப் வச்சு திருகி மாட்டிருக்கேன். செல்லோடேப் மட்டும் உள்ள ஒட்டவே ஒட்டாதீங்க, பிச்சுக்கிட்டு வந்து செதிள்ல ஒட்டினா தோலோட உரிச்சுரும்.

தெர்மாமீட்டர் வெப்பமானி, தெர்மோஸ்டாட் வெப்பநிலைப்பி, ரெண்டும் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, மாத்த வேணாம். ஆனா ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேணாம்னு நெனக்கறவங்க நெறைய. நிலைப்பி பாட்டுக்கு இருக்கட்டும், ரெண்டு கோடிலயும் தனித்தனியா மானி வைங்க, குறைஞ்சது கூடினது ரெண்டையும் ஞாபகம் வச்சிக்கற டிஜிட்டல் மானியா இருந்தா நல்லது, செவுத்துல ஒட்டற வட்ட முள் மானியை நம்ப முடியாது. கன்னை கண்ணாடிக்கு வெளிய இருந்து அடிச்சா கண்ணாடியோட சூட்டைத்தான் காட்டும், கதவைத் தொறந்துதான் அடிக்கணும். ஒளிஞ்சுக்கற கூடு ரெண்டு கோடிலயும் வேணும், ஒரு பக்கம் மட்டும் இருந்தா பாம்பு சூட்டை விட்டுட்டு மறைவுலயே கெடக்கும், அப்புறம் வாட்டம் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

> கிரேடியன்ட்னே தமிழ்ல எழுதிட்டுப் போலாமே

தெர்மோஸ்டாட்னு எழுதலாம் தம்பி, அது கடைல வாங்கற பொருள், பேர் தெரிஞ்சா போதும். கிரேடியன்ட் பொருள் இல்ல, நாம உண்டாக்கிப் பாதுகாக்க வேண்டியது, அர்த்தம் புரியாம அதைப் பாதுகாக்க முடியாது, எங்க அப்பா கதை அதுக்கு சாட்சி.

சென்னைல இருந்து ஒருத்தர், எங்களுக்கு மே மாசத்துல ஹீட்டரே வேணாமேன்னு எழுதியிருந்தார். உண்மை, அங்க பிரச்சினை குளுந்த கோடிதான், ரூமே 36 டிகிரில இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிரும், அது கொதிக்கற சமச்சூடு. பெட்டிய ஜன்னல் வெயில்ல இருந்து தள்ளி, ஏசி இருக்கற ரூமுக்கு மாத்தறதைத் தவிர வேற வழி இல்ல. மலைப்பாம்பு, நல்லபாம்பு மாதிரி நம்மூர்ப் பாம்பை வீட்டுல வைக்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது, அதையும் சேர்த்துச் சொல்லிடறேன், ஆசைப்பட்டுப் புடிச்சிட்டு வந்துராதீங்க.

ஆட்சேபம் இருந்தா எழுதுங்க, மாத்திக்கலாம். நம்ம சொல் பட்டியலுக்கு நான் அனுப்பறது வாட்டச்சூடு, சமச்சூடு, உணர்முனை மூணும். அப்பா அடுத்த மாசம் மறுபடி வர்றார், பெட்டி மேல ஒட்ட புதுத் தாள் எழுதி போன்ல படிச்சுக் காட்டினேன், கேட்டுட்டு “இது சரி”ன்னுட்டார்:

“ஹீட்டரை ராத்திரியும் அணைக்க வேணாம். பெட்டிக்குள்ள சூட்டுக்கு வாட்டம் விட்டிருக்கு, இடது கோடி 32, வலது கோடி 25. காலைலயும் ராத்திரியும் ரெண்டு மானியையும் பாருங்க. உணர்முனை கிளிப்ல இருக்கான்னு பாருங்க. ரெண்டு கோடியும் ஒரே எண் காட்டினா உடனே எனக்கு போன் பண்ணுங்க.”